ஜிம் ரீவ்ஸ், போனி எம் தாண்டி கிறிஸ்மஸ் பாட்டு: அடிக்கடி கேக்குற கேள்விகள்

டிசம்பர் பொறந்தா போதும், "புதுசா ஏதாவது கிறிஸ்மஸ் பாட்டு இருந்தா அனுப்புங்களேன்"னு வாட்ஸ்அப்ல வரிசையா மெசேஜ் வரும், பாட்டு அனுப்பினா அதுக்கு மேல நாலு கேள்வி வரும். எல்லாருக்கும் தனித்தனியா டைப் பண்ண முடியல, அதனால கேட்டவங்க வார்த்தையிலயே கேள்வியைப் போட்டு பதில் எழுதிட்டேன். வெளிநாட்டுப் பேரெல்லாம் தமிழ்லயே எழுதியிருக்கேன், வாய்ஸ் சர்ச்ல சொல்லிப் பாருங்க, முக்கால்வாசி கிடைச்சிடும்.

இருக்கிற பாட்டே நல்லாத்தானே இருக்கு, எதுக்கு புதுசா தேடணும்?

நல்லாத்தான் இருக்கு, யாரு இல்லன்னா. அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸோட 1963 ஆல்பமும் டிஸ்கோ குழு போனி எம்மோட 1981 ஆல்பமும் இல்லாம நம்ம பக்கம் பல வீட்ல கேக்கே வெட்ட மாட்டாங்க, நானும் அதைக் கேட்டு வளந்தவன் தான். ஆனா அதே பத்துப் பதினஞ்சு பாட்டு சூப்பர் மார்க்கெட்லயும் ஓடுது, லிஃப்ட்லயும் ஓடுது, ஹோட்டல் லாபிலயும் ஓடுது, 20ஆம் தேதி வர்றதுக்குள்ள காது மரத்துப் போயிடுது.

இன்னொன்னு, நாம பழசுன்னு நினைக்கிற பாட்டுக்குள்ளயே ஒரு வித்தியாசமான கதை ஒளிஞ்சிருக்கும். போனி எம் 1978ல பாடின மேரிஸ் பாய் சைல்ட் பாட்டை எழுதினது ஜெஸ்டர் ஹேர்ஸ்டன்னு ஒரு கருப்பின அமெரிக்கர், அந்த மெட்டை முதல்ல யாரோட பிறந்தநாளுக்கோ கரீபியன் தீவுகளோட கலிப்சோ தாளத்துல போட்டிருந்தார், அப்புறம் தான் வார்த்தையை மாத்தினார், ஹாரி பெலஃபான்டே அதை 1956ல பாடினார். டிஸ்கோவுக்கு முன்னாடி அது கரீபியன் பாட்டு. பெலஃபான்டே வெர்ஷனை ஒருதடவை கேட்டுட்டு வாங்க, மீதியை அப்புறம் பேசலாம்.

வித்தியாசமானதுன்னா காமெடி பாட்டா?

பெரும்பாலானவங்க அப்படித்தான் நினைக்கிறாங்க, அங்க தான் ப்ளேலிஸ்ட் கெட்டுப் போகுது. காமெடி பாட்டு முதல் தடவை சிரிப்பு வரும், ரெண்டாவது தடவை புன்னகை, மூணாவது தடவை யாராவது எழுந்து வந்து ஸ்கிப் பண்ணிடுவாங்க. நான் வச்சிருக்கிற அளவுகோல் ஒண்ணு தான், அந்தப் பாட்டை ஜூன் மாசம் போட்டாலும் நின்னு கேக்க முடியுமா? முடியும்னா உள்ள, இல்லன்னா வெளிய. காமெடிக்குன்னு தனியா ஒரு இடம் இருக்கு, அதுக்குக் கீழ வர்றேன்.

எனக்கு மியூசிக் பத்தி ஒண்ணுமே தெரியாது, எதுல ஆரம்பிக்கட்டும்?

ஜாஸ்ல ஆரம்பிங்க, பயப்படாதீங்க. மெட்டு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், வாசிப்பு மட்டும் புதுசு, அதனால வீட்ல யாருக்கும் அந்நியமா தோணாது. ஜிம்மி ஸ்மித் 1964ல ஹேமண்ட் ஆர்கன்ல வாசிச்ச ஆல்பம் இருக்கு, கிறிஸ்மஸ் குக்கின்னு தேடினா வரும், சர்ச்சுல கேட்ட அதே பாட்டுங்க நைட் கிளப்புக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கும். ட்யூக் எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் சேர்ந்து 1960ல சாய்காவ்ஸ்கியோட நட்கிராக்கர் பாலே இசையை பிக் பேண்டுக்கு, அதாவது பெரிய ஜாஸ் குழுவுக்கு, மாத்தினாங்க, அதுல சுகர் ப்ளம் ஃபேரி வர்ற இடத்துக்கு சுகர் ரம் செர்ரின்னு பேர் வச்சாங்க, பேர்லயே போதை ஏறிடுச்சு, சாக்ஸபோன் அப்படியே தள்ளாடிக்கிட்டு நடக்கும். வின்ஸ் குவரால்டி 1965ல சார்லி பிரவுன் கார்ட்டூனுக்குப் போட்டது நிறைய பேருக்குத் தெரிஞ்சது தான், இருந்தாலும் சேருங்க.

இந்த மூணையும் போட்டுட்டு சும்மா இருங்க. யாராவது "இது என்ன பாட்டு, நல்லாருக்கே"ன்னு கேட்டா அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

ஆப்ல வித்தியாசமான கிறிஸ்மஸ் பாட்டுன்னு தேடினா சுத்திச் சுத்தி அதே மரியா கேரி, அதே வாம் தான் வருது, என்ன பண்றது?

"கிறிஸ்மஸ்"ங்கிற வார்த்தையைப் போட்டாலே முடிஞ்சுது, ஆப்புக்கு அதிகமா ஓடினது தான் கண்ணுக்குத் தெரியும். அந்த வார்த்தையை விட்டுட்டு வேற நாலு வழியில போங்க. அந்த ஊர்ல அந்தப் பாட்டு வகைக்கு என்ன பேரோ அதைப் போட்டுத் தேடுங்க, ஸ்பெயின்ல வில்லான்சிகோ, போர்ட்டோ ரிக்கோவுல அகினால்டோ, வெனிசுவேலாவுல கைத்தா, டிரினிடாட்ல பராங், போலந்துல கொலெண்டா, இப்படி. ஸ்பானிஷ் பேர்னா ஸ்பானிஷ் ஸ்பெல்லிங்ல போடணும், இல்லன்னா வராது.

அடுத்தது தொகுப்பு ஆல்பங்கள். ஒரு ஆள் உக்காந்து வருஷக்கணக்கா தூசி தட்டி எடுத்ததை நாம அஞ்சு நிமிஷத்துல வாங்கிக்கிறோம், இதை விட லாபம் எதுல இருக்கு? ட்ரோஜன் கம்பெனியோட கிறிஸ்மஸ் பாக்ஸ் செட் ஜமைக்காவோட ரெக்கேக்கு, அட்லாண்டிக் கம்பெனிக்காரங்க 1968ல போட்ட சோல் கிறிஸ்மஸ் கருப்பின அமெரிக்கர்களோட சோல் இசைக்கு, டஸ்ட் டு டிஜிட்டல் 2004ல போட்ட வேர் வில் யூ பி கிறிஸ்மஸ் டே ரொம்பப் பழைய ரெக்கார்டுகளுக்கு. மூணாவது வழி ஆள் உக்காந்து நடத்துற ரேடியோ. நியூஜெர்சியோட டபிள்யூஎஃப்எம்யூ, சான் பிரான்சிஸ்கோவோட சோமா எஃப்எம், ரெண்டும் நெட்ல ஃப்ரீ, டிசம்பர்ல வச்சுக் கேட்டுக்கிட்டே பேர் குறிச்சுக்கோங்க. நாலாவது, பிடிச்ச பாட்டுல வாசிச்சவங்க யாருன்னு டிஸ்காக்ஸ்ங்கிற ரெக்கார்டு விவரத் தளத்துல பாத்து அந்த ஆள் பின்னாடியே போங்க. எனக்கு நிறைய கிடைச்சது இந்தக் கடைசி வழியில தான்.

ஆடற மாதிரி வேணும், பார்ட்டிக்கு, ஆனா ரீமிக்ஸ் வேணாம்

அப்ப கரீபியன் கடல் பக்கம் தான் போகணும். போர்ட்டோ ரிக்கோவுல டிசம்பர்ல பராண்டான்னு ஒண்ணு நடக்கும், ராத்திரி ஒரு கும்பல் சத்தம் போடாம ஒரு வீட்டு வாசல்ல போய் நின்னு திடீர்னு எல்லா வாத்தியத்தையும் சேர்த்து அடிச்சுப் பாட ஆரம்பிச்சிடுவாங்க, வீட்டுக்காரங்க எழுந்து கதவைத் திறந்து சாப்பாடு போடணும், அப்புறம் அவங்களும் கூடச் சேர்ந்து அடுத்த வீட்டுக்குப் போகணும். நம்ம ஊர் கேரல் ரவுண்ட்ஸ் மாதிரியே தான், தாளம் மட்டும் பத்து மடங்கு. இதை ஸ்டுடியோவுக்குள்ள கொண்டு வந்தது வில்லி கோலோன், எக்டர் லாவோ கூட்டணி, 1970கள் ஆரம்பத்துல வந்த அசால்டோ நாவிடென்யோ ஆல்பம். நியூயார்க் சால்ஸா டிராம்போனுக்கு நடுவுல யோமோ டோரோ கிட்டார் மாதிரி இருக்கிற பத்துக் கம்பி குவாட்ரோவை வச்சுக்கிட்டு ஓடுவார் பாருங்க, கிராமமும் நகரமும் ஒரே அறையில சண்டை போட்டு சமாதானம் ஆகுற சத்தம் அது. ஒரே ஒரு ஆல்பம் தான் சொல்லணும்னா இதைத் தான் சொல்லுவேன்.

அங்கிருந்து வெனிசுவேலா, மரகைபோ ஊரோட கைத்தா. இது மாதா திருவிழால இருந்து கிளம்பின பாட்டு, நவம்பர் 18ல சிக்கின்கிரா மாதா திருநாள், அந்த சீசன் அப்படியே கிறிஸ்மஸ் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போகும். கைத்தால அரசாங்கத்தைத் திட்டுறதும் சகஜம், ரிக்கார்டோ அகீர் 1968ல பாடின லா கிரே சூலியானால மாதாகிட்டயே ஆட்சியாளருங்களைப் பத்திப் புகார் சொல்லுவார், இன்னைக்கும் அந்த ஊர்ல அது கிட்டத்தட்ட ஊர்கீதம்.

அதுக்குப் பக்கத்துல டிரினிடாட், அங்க பராங். வெனிசுவேலாவுல இருந்து வந்தவங்களோட பாட்டு, இங்கிலீஷ் பேசுற தீவுல இன்னும் ஸ்பானிஷ்லயே பாடுறாங்க. டெய்ஸி வாய்சின் குரலைத் தேடுங்க, பராங் ராணின்னு அவங்களுக்குப் பட்டம். அதுவும் சோக்காங்கிற அந்த ஊர் ஆட்டப் பாட்டும் சேர்ந்து சோக்கா பராங்னு ஒரு கலப்பு வந்துச்சு, ஸ்க்ரன்டர்னு ஒரு பாடகர் கிறிஸ்மஸுக்குப் பன்னிக்கறி கேட்டே ஒரு பாட்டு பாடியிருக்கார். சாப்பாட்டைப் பத்திப் பாடாத கிறிஸ்மஸ் பாட்டு எனக்கு எப்பவுமே கொஞ்சம் சந்தேகம் தான்.

நீங்க சொன்ன கைத்தா கேட்டேன், பின்னாடி "உர்ர் உர்ர்"னு பன்றி உறுமுற மாதிரி ஒரு சத்தம் வருதே, ரெக்கார்டிங் கோளாறா?

கோளாறு இல்ல, அது ஃபுர்ரோ. ஒரு டிரம், தோலுக்கு நடுவுல ஒரு குச்சி கட்டியிருக்கும், ஈரக் கையால குச்சியை உருவி விட்டா தோல் அதிர்ந்து அந்த உறுமல் வரும். ஸ்பெயின்ல இதே குடும்பத்து வாத்தியத்துக்கு சாம்போம்பான்னு பேரு, ஆண்டலூசியா ஹெரெஸ் ஊர்ல டிசம்பர் மாசக் கூட்டுப் பாட்டுக்கே சாம்போம்பான்னு தான் பேர், வீட்டு முற்றத்துல நெருப்பு மூட்டி சுத்தி நின்னு ஃப்ளமெங்கோ கைதட்டலோட வில்லான்சிகோ பாடுவாங்க.

முன்ன சொன்ன தேடுற வழில இதையும் சேத்துக்கோங்க, வாத்தியத்துப் பேரைப் போட்டுத் தேடினா கடல் தாண்டி ரெண்டு நாட்டுப் பாட்டும் ஒரே கயித்துல வரும்.

ரெக்கே, ராப், சோல் இதுல கிறிஸ்மஸ் பாட்டெல்லாம் இருக்கா?

நிறைய. ஜேக்கப் மில்லர் 1978ல நாட்டி கிறிஸ்மஸ்னு ஒரு முழு ஆல்பமே போட்டார், தெரிஞ்ச கேரல்ஸுக்கெல்லாம் ஜமைக்காவோட ராஸ்தா மத வார்த்தையை மாத்திப் போட்டு. ஜேம்ஸ் பிரவுன் 1968ல சாண்டாகிட்ட "நேரா ஏழைங்க இருக்கிற கெட்டோவுக்குப் போ"ன்னு பாடினார், கேக்க ஜாலியா இருக்கும், கொஞ்சம் கவனிச்சா மனசு கனக்கும். ராப் குழு ரன் டிஎம்சியோட கிறிஸ்மஸ் இன் ஹாலிஸ் 1987, அந்த டிரம்பெட் துண்டு கிளாரன்ஸ் கார்ட்டர் 1968ல பாடின பேக் டோர் சாண்டால இருந்து எடுத்தது, ரெண்டையும் அடுத்தடுத்து போட்டா கேக்குறவங்க சட்டுன்னு நிமிர்ந்து பாப்பாங்க. புதுசா வேணும்னா ஷரோன் ஜோன்ஸும் டாப் கிங்ஸும் 2015ல போட்ட ஆல்பம், புதுசுன்னு சொன்னா தான் நம்புவாங்க, அவ்வளவு பழைய சூடு.

எனக்கு கிறிஸ்மஸ்னாலே கொஞ்சம் டல்லா இருக்கும், சிரிச்சுக்கிட்டே பாடுற பாட்டு எரிச்சலா இருக்கு

உங்களை மாதிரி நிறைய பேர் இருக்காங்க, வெளிய சொல்றதில்ல அவ்வளவு தான். ஜோனி மிட்சலோட ரிவர், 1971, ஜிங்கிள் பெல்ஸ் மெட்டு பியானோவுல தலைகுனிஞ்சு வர்ற மாதிரி ஆரம்பிக்கும். மினசோட்டாவுல இருந்து லோன்னு ஒரு பேண்ட், 1999ல கிறிஸ்மஸ்ங்கிற பேர்லயே ஒரு சின்ன ஆல்பம் போட்டாங்க, முதல் பாட்டு துள்ளும், அப்புறம் எல்லாம் பனி மாதிரி மெதுவா இறங்கும். ஜான் ஃபாஹி 1968ல தனி கிட்டார்ல வாசிச்ச தி நியூ பாசிபிலிட்டில வார்த்தையே கிடையாது, பேச விருப்பமில்லாத நாளுக்கு அது தான் சரி. சார்லஸ் பிரவுன் பாடி 1947ல வந்த மெரி கிறிஸ்மஸ் பேபி சோகம்னு சொல்ல முடியாது, ஆனா ராத்திரி பதினொரு மணிக்கு மேல கேக்குற ப்ளூஸ்.

ரொம்ப ரொம்ப பழசு, கிராமஃபோன் காலத்துது கிடைக்குமா?

கிடைக்கும், காசே இல்லாம. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சாண்டா பார்பரால எடிசன் காலத்து சிலிண்டர் ரெக்கார்டுகளை டிஜிட்டல் பண்ணி வச்சிருக்காங்க, இன்டர்நெட் ஆர்க்கைவ்ல 78 ஆர்பிஎம் தட்டுகள் குவிஞ்சு கிடக்கு. அமெரிக்கச் சட்டப்படி வெளிவந்து நூறு வருஷம் தாண்டின ஒலிப்பதிவுகள் பொதுச்சொத்து, டவுன்லோட் பண்றதுல அங்க பிரச்சினை இல்ல.

இதுல தனியா சொல்ல வேண்டியவர் ரெவரண்ட் ஜே.எம். கேட்ஸ், அட்லாண்டா போதகர். 1926ல இவர் பதிவு பண்ண பிரசங்கத்தோட தலைப்பு "மரணமே உனக்கு சாண்டா கிளாஸா வரலாம்"ங்கிற அர்த்தத்துல இருக்கும். பொம்மை வாங்கத் துடிக்கிறவங்களை எல்லாம் நிக்க வச்சு மிரட்டுவார், கூட இருக்கிறவங்க "ஆமா ஆமா"ன்னு இழுப்பாங்க, கேக்க பயமா தான் இருக்கும், ஆனா இசை இல்லாத இசை. பார்ட்டி நடுவுல மட்டும் போட்டுடாதீங்க. அதுக்கு பெஸ்ஸி ஸ்மித் 1925ல பாடின அட் தி கிறிஸ்மஸ் பால் இருக்கு.

சரி, இப்ப நிஜமாவே கிறுக்குத்தனமா ரெண்டு சொல்லுங்க

1955ல நாய்ங்க குரைச்சே ஜிங்கிள் பெல்ஸ் பாடின ரெக்கார்டு வந்துச்சு. பின்னாடி இருந்த ஆள் கார்ல் வைஸ்மன், டென்மார்க்காரர், பறவைச் சத்தம் பதிவு பண்றவர், பதிவுக்கு நடுவுல குரைச்ச நாய்ச் சத்தத்தை எல்லாம் வெட்டி வெட்டி எடுத்ததுல இருந்து வந்த யோசனை இது. டேப்பைத் துண்டு துண்டா ஒட்டி சுருதி சேத்திருக்கார், கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல, அதை நினைச்சா மரியாதை வருது. 1980ல ஸ்டார் வார்ஸ் கிறிஸ்மஸ் ஆல்பம் ஒண்ணு வந்துச்சு, அதுல ரோபோவுக்கு வாழ்த்துப் பாடுற இளைஞர் பிற்காலத்து ஜான் போன் ஜோவி.

ஆனா எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது 2003ல வந்த அமெரிக்கன் சாங் போயம் கிறிஸ்மஸ் தொகுப்பு. அமெரிக்காவுல ஒரு காலத்துல பத்திரிகை கடைசிப் பக்கத்துல "உங்க கவிதையை அனுப்புங்க, பாட்டாக்கித் தர்றோம்"னு விளம்பரம் வரும். ஜனங்க கவிதையோட காசும் அனுப்புவாங்க, கம்பெனிக்காரங்க ஸ்டுடியோ பாடகரை வச்சு மளமளன்னு பதிவு பண்ணி தட்டு அனுப்பிடுவாங்க, ஹிட் ஆகும்னு நம்பினவங்க பாவம். அப்படி சாதாரண ஜனங்க கிறிஸ்மஸுக்கு எழுதினதைத் திரட்டினது தான் இது. அப்பா, சாண்டா நிஜமாவே ஆறடி நாலங்குலமான்னு ஒரு பாட்டு. சிரிப்பு வரும், ஆனா எழுதினவங்க ஒருத்தர் கூட கிண்டலுக்கு எழுதல, அதனால தான் இது அந்த ஜூன் மாச அளவுகோல்ல பாஸ் ஆகுது, நாய்ப் பாட்டு ஆகல.

மெட்டல் கேக்குற தம்பிக்கு?

நடிகர் கிறிஸ்டஃபர் லீ 2012ல, 90 வயசுல, ஹெவி மெட்டல் கிறிஸ்மஸ் பாட்டு போட்டார், அதைக் காட்டுங்க, உங்களை அப்புறம் வேற மாதிரி பாப்பான். தொடர்ச்சியா வேணும்னா ஃபின்லாந்தோட ரஸ்காஸ்தா யோலுவா, கேரல்ஸை மெட்டல்ல பாடுறதே வேலையா வச்சிருக்காங்க.

அம்மா கூட இருப்பாங்க, பக்திப் பாட்டா இருக்கணும், ஆனா கேட்டுச் சலிச்சதா இருக்கக் கூடாது

அர்ஜென்டினாவோட ஏரியல் ராமிரெஸ் 1964ல போட்ட நாவிடாட் நுவெஸ்ட்ரா. மங்கள வார்த்தை சொன்னதுல இருந்து எகிப்துக்கு ஓடினது வரைக்கும் ஆறு பாட்டு, ஒவ்வொண்ணும் அந்த நாட்டு நாட்டுப்புறத் தாளத்துல, சமாமே, ஹுவெல்லா, விடாலான்னு. மாதாவும் சூசையும் பாம்பாஸ் புல்வெளில நடந்து போறாங்க.

இங்கிலாந்துல ஷெஃபீல்டு பக்கத்து கிராமங்கள்ல கேரல்ஸை சர்ச்சுல பாடாம பப்ல பாடுறாங்க, நவம்பர் நடுவுலயே ஆரம்பிச்சிடும். விக்டோரியா காலத்துல சர்ச்சை ஒழுங்கு பண்றோம்னு இந்தப் பழைய மெட்டையெல்லாம் ஓரங்கட்டினாங்க, ஜனங்க பாட்டைத் தூக்கிக்கிட்டு பப்புக்குப் போயிட்டாங்க. ஒரே "மேய்ப்பர்கள்" பாட்டுக்கு அங்க பல மெட்டு உண்டு. இந்தப் பாட்டுங்க வர்ற கேட் ரஸ்பியோட ஸ்வீட் பெல்ஸ் ஆல்பம் 2008ல வந்தது, அம்மாவுக்குக் கண்டிப்பா பிடிக்கும், பப் விஷயத்தைச் சொல்லணும்னு அவசியமில்ல.

தமிழ்ல இந்த மாதிரி ஒண்ணுமே இல்லையா?

இருக்கு, நாம தான் கீபோர்டு ரிதம் போட்ட வெர்ஷனை மட்டுமே கேக்குறோம். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார், 1774ல பொறந்தவர், சரபோஜி மன்னரோட கூடப் படிச்சவர், பெத்லகேம் குறவஞ்சின்னு ஒண்ணு எழுதினார். குறத்தி வந்து குறி சொல்ற அந்தக் குறவஞ்சி வடிவத்துக்குள்ளயே கிறிஸ்து கதையை உக்கார வச்சிட்டார், யோசிச்சுப் பாருங்க, இதை விட வித்தியாசம் எங்க கிடைக்கும்? கிறிஸ்மஸ் கீர்த்தனைகளைத் தேடும்போது "ஹிட்ஸ்", "ஜூக்பாக்ஸ்" இதெல்லாம் போடாதீங்க, கீர்த்தனையோட முதல் வரியை மட்டும் போட்டு, கர்நாடக சங்கீத முறையில மிருதங்கம் வயலின் வச்சுப் பாடினது இருக்கான்னு பாருங்க. சர்ச்சுல வயசானவங்க மைக் இல்லாம பாடினதை யாராவது போன்ல பதிவு பண்ணியிருந்தா இன்னும் நல்லது.

அர்த்தம் தெரியாத பாஷைப் பாட்டைப் போட்டு மாட்டிக்க மாட்டோமா?

பாஷை தெரிஞ்ச பாட்டுல தான் அதிகம் மாட்டுவீங்க. மேல சொன்ன பேக் டோர் சாண்டா பேர்லயே விஷயம் இருக்கு, மத்த வீட்டுப் புருஷன் வெளிய போனதும் வர்ற சாண்டா அவர். போக்ஸும் கிர்ஸ்டி மக்காலும் 1987ல பாடின ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க் அருமையான பாட்டு, ஆனா சண்டை வர்ற இடத்துல கெட்ட வார்த்தை இருக்கு, பிபிசி ரேடியோ 1 கூட 2020ல வெட்டித் தான் போட்டாங்க. குழந்தைங்க இருந்தா கடைசில வைங்க, இல்ல ஹெட்ஃபோனுக்கு வச்சுக்கோங்க.

இன்னொரு வகை சந்தேகமும் கேக்குறாங்க, இது கிறிஸ்மஸ் பாட்டு தானான்னு. கேரல் ஆஃப் தி பெல்ஸ் முதல்ல உக்ரைன் பாட்டு, மிகோலா லியோன்டோவிச் அமைச்சது, 1916ல கீவ்ல அரங்கேறுச்சு, ஒரு தகைவிலான் குருவி வீட்டுக்காரர்கிட்ட வந்து இந்த வருஷம் உனக்கு நல்ல வருஷம்னு சொல்ற புத்தாண்டுப் பாட்டு, அதுல மணியும் இல்ல கிறிஸ்மஸும் இல்ல, அதெல்லாம் 1936ல இங்கிலீஷ் வரி எழுதினப்ப சேர்ந்தது. 1857ல வந்த ஜிங்கிள் பெல்ஸ்லயே கிறிஸ்மஸ்ங்கிற வார்த்தை கிடையாது. அதனால என்னைக் கேட்டா, டிசம்பர்ல ஜனங்க கூடி நின்னு பாடுறாங்கன்னா அது கிறிஸ்மஸ் பாட்டு தான்.

எத்தனை பாட்டு, எந்த வரிசையில போடணும்?

மூணு மணி நேரப் பார்ட்டிக்கு ஐம்பது, அறுபது பாட்டு தாராளம். ஷஃபிள் வேணாம், கேட்ஸ் போதகருக்கு அடுத்து நாய் குரைச்சா நல்லாவா இருக்கும்? ஆரம்பத்துல ஜாஸ், சாப்பாட்டு நேரத்துல சோல், சாப்பிட்டு முடிச்சதும் அசால்டோ நாவிடென்யோ, கூட்டம் கலையும்போது ஃபாஹி. மூணு தெரியாத பாட்டுக்கு ஒரு தெரிஞ்ச பாட்டு கண்டிப்பா வைங்க, போனி எம் வர்றப்ப கிழவி முதல் குழந்தை வரைக்கும் எழுந்திருக்கும், அந்த உற்சாகத்துலயே அடுத்த கைத்தாவும் ஓடிடும். பழைய ரெக்கார்டு சத்தம் கம்மியா இருக்கும், செட்டிங்ஸ்ல வால்யூம் நார்மலைஸ் ஆன் பண்ணிடுங்க.

போன வருஷம் சேத்து வச்ச பாட்டு இந்த வருஷம் மங்கிப் போய் ஓட மாட்டேங்குது, ஏன்?

லைசென்ஸ் முடிஞ்சிருக்கும், இல்ல வேற கம்பெனி கைக்குப் போயிருக்கும். தொகுப்பு ஆல்பங்கள்ல இது அடிக்கடி நடக்கும், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு உரிமையாளர் இருப்பார். அதே பாட்டு பாடினவரோட ஒரிஜினல் ஆல்பத்துல இருக்கான்னு பாருங்க, அது தான் நிலைக்கும். ரொம்பப் பிடிச்சதை பேண்ட்கேம்ப்ல காசு கொடுத்து ஃபைலா வாங்கிடுங்க. பேரையும் பாடகரையும் தனியா ஒரு நோட்ல எழுதி வைங்க, இல்லன்னா எது காணாம போச்சுன்னே தெரியாது.

என் பேக்கரில இதைப் போடலாமா?

உங்க சொந்த ஸ்பாட்டிஃபை கணக்குல போடக் கூடாது, அது வீட்டு உபயோகத்துக்கு மட்டும்னு அவங்க விதிமுறையிலயே இருக்கு. கடையில பாட்டு போடணும்னா பதிவுக்கு பிபிஎல், பாட்டு எழுதினவங்க உரிமைக்கு ஐபிஆர்எஸ், இந்த லைசென்ஸ் விஷயத்தை விசாரிச்சுட்டு போடுங்க.

25 முடிஞ்சதும் எல்லாத்தையும் மூட்டை கட்டிடணுமா?

யாரு சொன்னா? டிரினிடாட்ல பராங் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் ஓடும், போர்ட்டோ ரிக்கோவுலயும் ஆறாந்தேதிக்கு அப்புறமும் கொண்டாட்டம் உண்டு. எத்தியோப்பியாவுல கிறிஸ்மஸே ஜனவரி 7 தான், கென்னான்னு பேரு, அந்தப் பேரைப் போட்டுத் தேடினா டிரம்மும் கைதட்டலுமா ஒரு புது வரிசையே திறக்கும், அதுக்குன்னு தனி ப்ளேலிஸ்ட் போட்டுக்கோங்க, இதுல கலக்காதீங்க.